எட்டு போர்ஷன்

கீரனூரில் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர் நஷ்டப்படுவது அவ்வளவு சுலபமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. திருச்சிக்கு பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும்வரை இங்கே வீடு காலியாகக் கிடக்காது. ரெங்கராஜ் நஷ்டப்பட நான் நிறைய மெனக்கெட வேண்டியிருந்தது.

அவருக்குச் சொந்த வீடு போக மூன்று போர்ஷன்கள் இருந்தன. கடன் ஒரு பைசா கிடையாது. நடு போர்ஷனில் நானும் என் மனைவி அருணாவும் குடியிருந்தோம். அருணா திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ரெங்கராஜ் கேட்டைப் பூட்டிவிட்டு முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"வாடகை வீடுங்க. நாளப்பின்ன வேற ஆளு குடி வரணும்ல. அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருங்க, கோவிச்சுக்காதீங்க" என்றார்.

ஆம்புலன்சுக்குள் வைத்தே மாலை போட்டோம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறி, முகம் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

வீட்டைக் காலி செய்தேன். பிறகு வீட்டுக்கடன் வாங்கித் தரும் ஏஜெண்டானேன். சில வருஷம் கழித்து ரெங்கராஜ் என் ஆபீசுக்கு வந்தார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது, யோசனை கேட்க வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"உதயசூரியனா? நம்ம வீட்டுல குடியிருந்தவருதானே. வீட்ல நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க" என்றேன். அவருக்கு டீ வரவழைத்தேன்.

அதுவரை அவர்மேல் எனக்கு வருத்தம்தான் இருந்தது.

இருக்கிற வீட்டின் மேலேயே கைக்காசில் ஒரு மாடி எடுக்கலாம் என்பது அவர் மனைவி செங்கமலத்தின் எண்ணம். சரியான எண்ணம். வேறு யாராக இருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவரிடம், கடனில்லாமல் சொத்து வைத்திருப்பது பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பது போல என்றேன். பைபாஸ் பக்கம் ஒரு மனையைக் காட்டினேன். எட்டு போர்ஷன் கட்டலாம். பேங்க் இழுத்தடிக்கும், அதனால் சொந்த வீட்டையும் மூன்று போர்ஷனையும் ஒரு தனியார் ஃபைனான்ஸில் அடமானம் வைத்துவிடலாம். இரண்டு வருஷம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அதன் பிறகு அசல் மொத்தமும். அதற்குள் புதுக் கட்டடத்தைக் காட்டி, குறைந்த வட்டிக்கு பேங்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விளக்கினேன்.

அந்த மனைக்கு அங்கீகாரம் கிடையாது. அதை நம்பி எந்த பேங்கும் கடன் தராது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செங்கமலம்தான் தயங்கினார். "ஒத்து வரலேன்னா என்னங்க பண்றது?"

"நான் இருக்கேன்ல" என்றேன்.

எட்டு போர்ஷனும் நிறைந்தன. வந்த வாடகை வட்டிக்குச் சரியாகப் போனது. தவணை நெருங்கியபோது அவரை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு பேங்க் பேங்காகப் போனேன். அவர் உள்ளே போவார், நான் வேப்பமரத்தடியில் நிற்பேன். வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு ஏலத்துக்குப் போன வாரம் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். கடைசியாக யாருக்கு போன் செய்தார் என்று கேட்டீர்கள். எனக்குத்தான். இன்னும் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை.

நான் பொய் சொல்லி எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. அவர் போனதோடு என் கணக்கும் தீர்ந்தது. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மகள் ஹரிணி நல்ல பிள்ளை, திருச்சியில் சம்பளத்துக்கு இருக்கிறாள், என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அப்பா குடியிருந்த வீட்டையாவது மீட்க முடியுமா என்று கேட்டு வந்தாள். அவள் பேரில் கடன் எடுத்தால் முடியும் என்றேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டாள். அதே ஃபைனான்ஸ்தான்.