தசமிக்கு ஒரே மிஷின்

ரிஷிவந்தியத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் போனைக் காட்டினாள்.

“அக்கா, நாளைக்கு ஒரே அறுப்பு மிஷினு ஒம்போது வயலுக்குப் போவுது.”

“இன்னாடி சொல்ற?”

“தசமி, நல்ல நாளுன்னு எல்லாரும் நாளைக்கே புக் பண்ணிக்கினாங்க. மிஷின் வாடகைக்கு புக் பண்ற நம்ம ஆப் யாரையும் வேணாம்னு சொல்லல.”

“அத செஞ்சு குடுத்தவன்?”

“போன எடுக்க மாட்றான். நமக்குன்னு ஒரு டெக்னிக்கல் ஆளு வைக்கலாம்னு அப்பவே சொன்னேன்.”

“ஆப்ல ஆயிரம் பேரு சேந்தப்புறம் வைக்கலாம்னு பாத்தேன்.”

“இப்ப இந்த ஒம்போது பேருக்கு இன்னா பதில் சொல்றது?”

மூத்தவள் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “டெக்னிக்கல் வேலைக்கு வரேன்னு கேட்டாரே, அந்த சேலத்து ஆள இன்னைக்கே வேலைல சேரச் சொல்லு.”

இளையவள் போன் செய்து பேசினாள். வைத்தபோது குரல் இறங்கியிருந்தது.

“இன்னைக்கு நவமியாம்க்கா. நல்ல நாளு பாத்து நாளைக்குச் சேர்றாராம்.”