மன்னார்குடி பஸ்ஸில் பேய்ப்பட நடிகை

"நான் இதுவரைக்கும் பதினோரு தடவை செத்திருக்கேங்க" என்று முன் இருக்கையிலிருந்து குரல் வந்தது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் பஸ். பேய்ப் படங்களில் நடிக்கும் அந்த அம்மாளை, பக்கத்தில் இருந்த டீச்சர் அடையாளம் கண்டுகொண்டு பேச்சுக் கொடுத்திருந்தார்.

"சொந்த ஊரு இந்தப் பக்கமா?"

"வடுவூருக்குக் கிட்டங்க. எங்கம்மா பண்ணையில நடவு நட்டவங்க. கூலிய ஏத்திக் கேட்டாங்கன்னு, நாலு வருஷம் முன்னாடி எங்க குடிசையப் பிரிக்க ஆள் அனுப்புனாரு மிராசுதார். நான் அன்னிக்கு ஊர்ல இருந்தேன். வாசல்ல போயி உக்காந்துட்டேன்."

"பயமா இல்லையா?"

"இல்லாம என்ன? வந்தவன்ல ஒருத்தன் என் மூஞ்சியப் பாத்துட்டு, 'டேய், பேயா வர்ற அக்காடா இது'ன்னான். கடப்பாரையெல்லாம் கீழ போச்சு. 'அக்கா, அந்தச் சிரிப்ப ஒரு தடவை சிரிங்க'ன்னு கேட்டானுங்க."

"சிரிச்சீங்களா?"

"'குடிசையில கை வைக்க மாட்டோம்னு சொல்லுங்க, சிரிக்கிறேன்'னேன். சொன்னானுங்க. நடவு வயல் வரைக்கும் கேக்குற மாதிரி சிரிச்சேன்."

"மிராசுதார் சும்மா விட்டாரா?"

"கோர்ட்டுக்குப் போனாரு. நாங்களும் போனோம். குடியிருக்கிற மனை எங்களுக்குத்தான்னு தீர்ப்பாயிடுச்சு. இன்னிக்குத் தாலுகா ஆபீஸ்ல பட்டா தர்றாங்க."

"உங்க பேர்லயா?"

"எங்கம்மா பேர்லங்க. நான் கூட நிக்கத்தான் போறேன்."

"உங்க படமெல்லாம் பாத்து அவங்க பெருமைப்பட்டிருப்பாங்களே?"

"ஒண்ணுகூடப் பாத்ததில்லீங்க. மிராசுதார எதுத்து நின்னவங்கதான், ஆனா பேய்னா அவங்களுக்கு அவ்வளவு பயம்."