வேகத்தைக் கூட்டாதீங்க

மனைவி: ஐயோ, அந்த பட்டனைத் தொடாதீங்க!

கணவன்: வேகத்தைக் கூட்டலாம்னுதான்... எவ்வளவு நேரமா வெறும் தண்ணியையே பாத்துட்டிருக்கோம்.

மனைவி: கடல்ல தண்ணிதான் இருக்கும்.

கணவன்: இது கம்ப்யூட்டர்ல ஓட்டற நீர்மூழ்கி விளையாட்டும்மா. நிஜ நேரத்துலயே ஓட்டினா, துறைமுகம் வர்றதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சுடும்.

மனைவி: நரைக்கட்டும். உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கும்.

கணவன்: சரி, மத்த கப்பல் எங்க இருக்குன்னு வரைபடத்துல புள்ளி காட்டுமே... அதுவும் இல்லையா?

மனைவி: எல்லா வசதியையும் அணைச்சாச்சு. காதுல கேட்டாதான் உண்டு. இந்தாங்க ஹெட்போன். என்ன சத்தம் அது?

கணவன்: ...சரக்குக் கப்பல். நம்மளை விட்டு விலகிப் போகுது.

மனைவி: பாருங்களேன்! நான் மீன் கூட்டம்னு நெனச்சேன்.

கணவன்: எனக்கு இதானே பொழைப்பு. மாசக்கணக்கா நீர்மூழ்கியில உக்காந்து இதையே கேட்டுட்டு, லீவுல வந்தும் கேக்கணுமா? எல்லா வசதியும் வெச்சுக்கிட்டு நிம்மதியா விளையாடேன்.

மனைவி: அங்க எப்படி இருந்துச்சுன்னு கேட்டா நீங்க வாயைத் தொறக்கறதில்லையே.

கணவன்: நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னேனே.

மனைவி: உள்ள காத்து கெட்டுப்போனா தலை வலிக்குமாமே? இந்த விளையாட்டுல திரையே மங்கிப்போகுது.

கணவன்: வலிக்கும்... கொஞ்சம்.

மனைவி: கொஞ்சம்? என்னைப் பாத்துச் சொல்லுங்க.

கணவன்: இந்தத் தடவை... காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் நின்னுபோச்சு. மேல வரவும் வழியில்ல. யாரும் பேச வேணாம், அசையாம படுங்கன்னுட்டாங்க.

மனைவி: அப்புறம்?

கணவன்: அப்புறம் சரி பண்ணிட்டாங்க. நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல.

மனைவி: சொல்லாம இருந்தாத்தான் பயமா இருக்கு.

கணவன்: இங்கதானே இருக்கேன்... கை ஏன் இப்படி சில்லுனு இருக்கு? போதும், விளையாட்டை அணைச்சுடலாம்.

மனைவி: வேணாம். கரை சேரட்டும்.

கணவன்: உன் பிடிவாதம் இருக்கே! ஆமா, இந்தப் பயணத்தை எப்பத்தான் ஆரம்பிச்ச?

மனைவி: நீங்க கெளம்பின அன்னிக்கு. சமைக்கும்போதும் ஓடும், தூங்கும்போதும் ஓடும். வேகத்தைக் கூட்டினா, உங்களைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நான் மட்டும் கரையேறின மாதிரி ஆயிடுமே... கடைசியில நீங்கதான் முந்திக்கிட்டீங்க.