இரண்டு லீக் வேண்டும் என்றுதான் சொன்னேன்

எனக்கு ஆரஞ்சுப் பழத்தின் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. வீட்டில் நானே உரித்துச் சாப்பிடுகிறவன்தான். ஆனால் ஹாக்கி மைதானத்தில், இடைவேளையில், அம்மாக்கள் டப்பாவைத் திறந்து சுளை சுளையாக ஊட்டிவிடுவதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். சாறு வழிகிற கையோடு மட்டையைப் பிடிப்பார்கள். கொட்டையைத் தரையிலேயே துப்புவார்கள். கோல் மேல் கோலாக வாங்கிய அணி, வாய் நிறையப் பழத்தோடு, கெக்கே பிக்கே என்று சிரித்துக்கொண்டிருக்கும். நீங்கள் விளையாட்டுப் பக்கம் போகாதவர் என்று பார்த்தாலே தெரிகிறது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

நான் அந்த விளையாட்டு மன்றத்தில் சிறுவர் ஹாக்கிப் பயிற்சியாளர். அங்கே எல்லாப் பிள்ளைகளையும் கலந்துதான் அணி பிரிப்பார்கள். தினமும் விடிவதற்குள் வந்து பந்தோடு மல்லுக்கட்டுகிறவனும், வேறு வேலை இல்லாத சனிக்கிழமைகளில் எட்டிப்பார்க்கிறவளும் ஒரே அணி. இது இரண்டு பேருக்குமே அநியாயம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். திறமையும் அர்ப்பணிப்பும் உள்ளவர்களுக்கு ஒரு லீக், பொழுதுபோக்க வருகிறவர்களுக்கு ஒரு லீக். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பீரங்கி என்று ஒரு பையன் இருந்தான். பெயர் நான் வைத்தது. அவன் பந்தைத் தூக்கிச் சுண்டினால் கோல் பலகை அதிரும். அவனோடு ஆடவேண்டிய பெண்ணுக்கு வாத்து என்று பெயர். அதுவும் நான் வைத்ததுதான், அவள் ஓடுகிற அழகைப் பார்த்து. அவளுக்கு ரோஷமே வரவில்லை. "சார், வாத்து வந்தாச்சு" என்று அவளே கை தூக்குவாள். தோற்றால் எதிரணிக்குக் கைதட்டுவாள். அந்தக் கைதட்டல் எனக்கு ஆரஞ்சைவிட அருவருப்பாக இருந்தது. தோல்வி ஒருத்திக்கு வலிக்கவே இல்லை என்றால் அவள் ஏன் மட்டையைத் தொடவேண்டும்?

என் யோசனையை விவாதிக்கப் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். மன்ற அறை முழுக்க ஈரக் காலுறை நாற்றம். மடக்கு நாற்காலிகளில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். யார் மனமும் கோணாமல் பேசிப் பேசியே வயதானவர்.

"ரெண்டாவது லீக்னு சொன்னா பிள்ளைங்க மனசு உடைஞ்சிடும். வேற நல்ல பேரா வைக்கலாமே" என்றார்.

"பேரு ஏற்கெனவே இருக்கே சார். ஒப்புக்குச் சப்பாணி லீக்" என்றேன்.

தெருவில் ஆடும்போது, அழக்கூடாது என்பதற்காகப் பொடிசுகளைச் சும்மா ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோமே, அந்த வார்த்தைதான். நாம் எல்லோரும் சின்ன வயதில் சொன்னது. பின்வரிசையில் சிலர் சிரிக்கவும் செய்தார்கள். வாத்தின் அம்மா எழுந்து நின்றார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், வேலைச் சட்டையோடு வந்திருந்தார்.

"என் பொண்ணு உங்களுக்கு ஒப்புக்குச் சப்பாணியா? சார் சொன்னார், சார் சொன்னார்னு வீட்ல உங்க பேச்சுதான் அவளுக்கு வேதவாக்கு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க."

கேட்டேன். எழுந்து நின்று கேட்டேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் சட்டையின் இரண்டாவது பொத்தான் வேறு நிறம் என்பது நினைவிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தது நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

என் யோசனை தோற்றது. வெளியே வரும்போது செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாளா ஒண்ணா ஆடுறாங்க. யாருக்காவது ஒரு கீறல் விழுந்திருக்கா, சொல்லுங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாயால் வாதாடினால் போதாது, ஆதாரம் வேண்டும் என்கிறார். அதைத் தரவேண்டியது என் பொறுப்பு என்று பட்டது.

பெனால்டி கார்னர் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டும். கோலுக்கு எதிரே, வட்டத்தின் விளிம்பில் ஒருவன் பந்தை வாங்கிச் சுண்டுவான். தடுக்கிறவர்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் காத்திருப்பார்கள். பந்து கிளம்பியதும் அவர்களில் ஒருவர் சுண்டுகிறவனை நோக்கி நேராக ஓடவேண்டும். குண்டுக்கு எதிரே ஓடுகிற வேலைதான். அதனால் முகக்கவசம் போட்டுத்தான் அனுப்புவோம். கவசங்கள் ஒரு பையில் கோல் வலைக்குப் பின்னால் இருக்கும். அடுத்த சனிக்கிழமை அந்தப் பை என் கார் டிக்கியில் இருந்தது.

அது எங்கள் பிள்ளைகளுக்குள்ளேயே நடந்த பயிற்சி ஆட்டம். நடுவரும் நானே. தப்பாட்டம் எதுவும் நடக்கவில்லை, இருந்தாலும் கார்னர் கொடுத்தேன். பீரங்கியைச் சுண்டச் சொன்னேன், உயரமாகத் தூக்கச் சொன்னேன். முதலில் ஓட வாத்தை நிறுத்தினேன். பெரிய ஆட்டக்காரர்கள் ஓடுகிற இடத்தில் தன்னை நிறுத்தியதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லைக்கோட்டில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள்.

பீரங்கி தயங்கினான். "சார், அவ மாஸ்க் போடல" என்றான்.

"கோச் நானா, நீயா? அடி."

அடித்தான். நல்ல அடி. சத்தம் நான் நினைத்த அளவுக்கு இல்லை, தேங்காயைத் தரையில் வைத்த மாதிரிதான் இருந்தது. இடது கண். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் அவள் அழவில்லை. "சார், கோல் ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஆகவில்லை என்று உண்மையைச் சொன்னேன். பந்து அவள் முகத்தில் பட்டுத் திரும்பிவிட்டது.

மறுகூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். இரண்டு லீக். இப்போது வேறு ஊர்களிலும் எங்களைப் பார்த்துப் பிரிக்கிறார்களாம். எத்தனையோ பிள்ளைகளின் கண் தப்பியிருக்கும், யாரும் அதைப் பேசுவதில்லை. பீரங்கி மட்டையை ஒடித்துப் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். உங்களிடம் வந்து சொன்னதும் அவனாகத்தான் இருக்கும். அந்தப் பையன் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம்தான்.

ஏன் வாத்தை நிறுத்தினேன் என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். அவள் அம்மா மேல் இருந்த ஆத்திரம் என்று எழுதிக்கொள்ள ஆசைப்படுகிறீர்கள். இல்லை. வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் பந்து வரும்போது முகத்தைத் திருப்பியிருக்கும், நான் எத்தனை வருஷம் பழக்கியும் ஒருத்தரும் அதை விட்டதில்லை. நான் அவள் காதோரம் குனிந்து, "பந்தையே பாரு, முகத்தத் திருப்பாத" என்றேன். திருப்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை அந்த மைதானத்திலேயே அவள் ஒருத்திதான்.