வில்லங்கம் இல்லாத இரண்டே கால் ஏக்கர்

நிலம் வாங்க வருகிறவர்கள் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள், சார். தண்ணீர் கிடந்தால் முகம் மலர்ந்துவிடும். பார்க்க வேண்டியது விற்கிறவனின் குடும்பத்தை. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள். பெண்களை எண்ண மறப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் மறக்க மாட்டேன். போடியில் கழுத்துச் சங்கிலி கனக்க நடக்கிற ஏலக்காய் முதலாளிகள்கூட என் பேரைச் சொல்லி "தவசி பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அச்சாரம் கொடுப்பார்கள். முப்பத்தோரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். நான் சுத்தம் என்று எழுதிக் கொடுத்த எந்த நிலமும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. வக்கீல்களுக்கு என்னைப் பிடிக்காது.

போன வருஷம் கன்னையன் வந்தான். முந்தல் அடிவாரத்தில் அவன் அப்பா விட்டுப்போன இரண்டே கால் ஏக்கரைச் சௌந்தரபாண்டியனுக்கு விற்கப் போகிறான். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்கு.

"ஒரு தங்கச்சி இருந்தாளேப்பா?"

"கருத்தம்மாவா? செத்துப்போயிட்டாண்ணே. கருமாதிக்கு நீங்களும்தான் வந்திருந்தீக."

போயிருந்தேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வேறு சாதிக்கார ஜீப் டிரைவர் ஒருவனோடு மலையேறிப் போய்விட்டாள். மூன்றாம் நாள் குடும்பமே தலை முழுகியது. சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பதினாறாம் நாள் ஊருக்குச் சோறு. அவள் உயிரோடு இருப்பது பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் ஒரு கவளம் குறைத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட. இறப்புச் சான்று கிடையாது. போஸ்டர் ஒன்றைக் கன்னையன் பத்திரமாக வைத்திருந்தான். 'மகள் கருத்தம்மா, வாரிசின்றி இறப்பு' என்று எழுதி, சுத்தம் என்று கையெழுத்துப் போட்டேன்.

இந்தத் தை மாதம் அவள் என் கடைக்கு வந்தாள். புருஷன் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை, எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நிலம் பற்றி விசாரித்த இடத்திலெல்லாம் என்னைத்தான் கைகாட்டியிருக்கிறார்கள்.

"அப்பா காட்டுல எனக்குப் பங்கு உண்டாண்ணே?"

"உண்டு. பாதி. உங்க அண்ணன் வித்தது அவன் பாதிக்குத்தான் செல்லும்" என்றேன். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கினாள். தினமும் வந்தாள். என் மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பத்திர ஆபீஸ் கிடையாது என்று தெரிந்தும் கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பேன். வீட்டில் இருந்து என்ன செய்ய? ஞாயிறும் வந்தாள். கப்பைக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள்.

"ஒத்தையில எப்படித்தான் தொண்டையில எறங்குதோ உங்களுக்கு. ஆமா, என் கருமாதிக்கு என்ன கொழம்புண்ணே?"

"கத்திரிக்காய்ச் சாம்பார்."

"எனக்குக் கத்திரிக்கா சேராது, ஒடம்பெல்லாம் அரிக்கும். தெரிஞ்சே செஞ்சிருக்கான், பாவி."

ஒன்பது வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பிறகு சொன்னேன்: "உன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததா ஒரு பத்திரம் எழுதிருவோம், ஆத்தா."

"செத்தவ கையெழுத்து செல்லுமாண்ணே? எனக்கு அந்த மண்ணுல குந்த ஒரு மூலை வேணும். கேஸ் போட்டாவது வாங்குவேன். நீங்கதான் எழுதித் தரணும்."

யோசித்துப் பாருங்கள், சார். தாள் ஒன்று சொல்கிறது, ஆள் ஒன்று சொல்கிறாள். இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். பதிவான தாளைத் திருத்துவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியாது.

நானாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். மூன்று ஞாயிறு போய்விட்டது. அவளைக் காணோம் என்று யாரும் சொல்லவில்லை. கன்னையனிடம் போய்ச் சொன்னேன். "அதான் அன்னைக்கே தலை முழுகியாச்சேண்ணே" என்று டீ வாங்கிக் கொடுத்தான். கருமாதி முடிந்தவளை யார் தேடுவார்கள்? கடை வாசலில் ஆள் நிழல் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பவன் நான் ஒருவன்தான். அப்படியென்றால் புகார் கொடுக்க வேண்டியவனும் நான்தான் என்று பட்டது.

எழுதிக்கொள்ளுங்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள சர்ச்சில் அவள் கல்யாணப் பதிவு இருக்கிறது, கேஸுக்கு ஆகும், வாங்கி வருவோம் என்று என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பட்டப்பகல்தான். பதினோராவது வளைவில் நிறுத்தினேன். இறங்கி, கட்டைச் சுவரில் கையூன்றிக் கீழே பார்த்தாள்.

"நாலு தென்னை நிக்குதே, அது எங்க காடுதானேண்ணே?"

"ஆமா ஆத்தா. உன் காடுதான்" என்றேன்.

நன்றாகப் பார்க்க இன்னும் கொஞ்சம் குனிந்தாள். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். சொத்து விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை, சார்.