கிராஃபைட்டுக்கு ஒரு மொட்டை

திருப்பதியிலிருந்து கார்வேட்டிநகரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் இளம் தம்பதி. கணவனின் புது மொட்டையில் சந்தனம் பூசியிருந்தது.

“என்னோட கிராஃபைட்டுக்காகவா மாமா மொட்டை போட்டுக்கினு வந்த?” என்றாள் மனைவி.

“பூச்சு விரிசல் விடக் கூடாதுன்னு வேண்டிக்கினேன். நேத்து நீ விரிசல் இல்லன்னு போன் பண்ணதுமே அலிபிரிக்குப் போய் மலை ஏறிட்டேன். ஒவ்வொரு வாட்டியும் அது விரிஞ்சி, நீ லேப்ல இருந்து வந்து சோறு துன்னாம படுத்துக்கினா, நான் வேற இன்னா பண்றது? அது ஏன் விரியுதுன்னுகூட எனக்குத் தெரியாது.”

அவள் பொறுமையாகச் சொன்னாள். “சில அணு உலையில எரிபொருள சுத்தி கிராஃபைட் இருக்கும். அந்தச் சூட்டுல காத்து பட்டா எரிஞ்சிபூடும். அதனால மேல பீங்கான் மாதிரி ஒரு பூச்சு போடறோம். ஆறும்போது கிராஃபைட் ஒரு அளவு சுருங்குது, பூச்சு வேற அளவு சுருங்குது. அதான் விரிசல். இந்த வாட்டியும் விரிஞ்சா ஆராய்ச்சிக்கு வேற தலைப்பு எடுத்துக்கோன்னு கைடு மேடம் சொல்லிட்டாங்க. நடுவுல ரெண்டுத்தையும் கலந்து ஒரு லேயர் குடுத்தேன். சூளையத் திறந்து பார்த்தா ஒரு கீறல்கூட இல்ல மாமா.”

“அப்போ முடிஞ்சிதா?”

“எங்க? இதையே திரும்பத் திரும்ப சூடு பண்ணி, ஆற வெச்சிப் பார்க்கணும்.”

“அய்யோ, இனிமே வேண்டிக்கறதுக்கு எனக்கு முடி இல்லியே.”

அவள் தன் நீளமான பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். “அதான் என்னோடது கீதே.”

அவர் பதறிப்போனார். “அதெல்லாம் வேணாம். விரிஞ்சா விரிஞ்சிட்டுப் போவட்டும்.”