கணக்காளர்தான் கொன்றார் என்று சொன்ன கத்தரியக்காவுக்கு

வெட்டுவதில் வித்தகியே, ஒட்டுவதில் உறுதியே, கட்டுக்கடங்காத காட்சிகளைக் கட்டி மேய்த்த கண்மணியே, துப்பறியும் தொடரின் தூணே, தொகுப்பறையின் தலைமகளே, இன்றோடு பணி நிறைவு பெறும் எங்கள் கத்தரியக்காவே, வணக்கம்!

எதுகை மோனையை இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். மிச்சம் இருந்ததையெல்லாம் கீழே கூடத்தில் நிர்வாகத்தார் இப்போதுதான் செலவழித்து முடித்தார்கள். தங்க எழுத்தில் அச்சடித்து, தூக்குவதற்கு இரண்டு ஆள் தேவைப்பட்ட அந்த மடலில் நீங்கள் அறிவுக் கடல், ஆற்றல் மலை. போன மாதம் ஓய்வு பெற்ற வண்டிப் பிரிவு மேலாளரும் இதே கடல், இதே மலை. அவர் மடலில் ஆளை மட்டும் மாற்றி உங்களுக்குக் கொடுத்தவர்கள், "வாகனங்களைப் பழுதின்றிப் பராமரித்த" என்ற வரியை எடுக்க மறந்துவிட்டார்கள். தள்ளிவிட்டால் மட்டும் கிளம்பும் உங்கள் ஸ்கூட்டரை நினைத்து நாங்கள் பின்வரிசையில் குலுங்கியதை, மேடையில் இருந்தவர்கள் அழுகை என்று எடுத்துக்கொண்டு மிகவும் திருப்தியாகத் தலையசைத்தார்கள்.

ஆனால் அதில் ஒரு வரிக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "எதிர் நிறுவனத்தின் உளவு வலையை ஒரே பொய்யால் அறுத்தெறிந்த மதியூகி" என்று வாசித்தார்களே, அந்த வரி. அப்போது நீங்கள் குனிந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்குப் பதிலாக எழுதியதுதான் இந்த இரண்டாவது மடல். அதனால்தான் கூடத்தில் வாசிக்காமல், நீங்கள் ஆயுளில் பாதியைக் கழித்த இந்தத் தொகுப்பறையில், கதவைச் சாத்திவிட்டு வாசிக்கிறோம்.

முதலில் முறைப்படி உங்கள் சேவையைச் சொல்லிவிடுகிறோம். ஜன்னலே இல்லாத இந்த அறையில், மழையா வெயிலா என்று டீ கொண்டுவரும் அண்ணனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வருடக்கணக்காக உட்கார்ந்தீர்கள். துப்பறிவாளராக நடிப்பவர் ஜன்னல் வழியே வெறித்துப் பார்த்து யோசிக்கும் காட்சியை எவ்வளவு நீளமாக எடுத்துக்கொண்டு வந்தாலும், "யோசிச்சது போதும், கண்டுபிடிக்கட்டும்" என்று நறுக்கினீர்கள். வீட்டில் இருப்பவர்கள் அவரைக் கூர்மதியாளர் என்று இன்றும் நம்புகிறார்கள். அந்த மதியில் முக்கால்வாசி உங்கள் கத்தரியில் இருந்தது என்பது அவருக்கும் தெரியும்; அதனால்தான் இன்று அவர் கடைசி வரிசையில் நிற்கிறார், யோசித்துக்கொண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாய். அதைத் திறக்காமல் வைத்திருந்த அழகு. நம் தொடரில் ஒரு வழக்கம் உண்டு: ஒவ்வொரு வழக்குக்கும் மூன்று முடிவு எடுப்போம், மூன்று கொலையாளியை வைத்து. எது ஒளிபரப்பாகும் என்பது நிகழ்ச்சித் தலைவருக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். நடித்தவருக்கே தான் கொன்றோமா இல்லையா என்று தெரியாது. காவலாளியாக நடித்தவர் மாமியாரிடம், "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க, நம்புங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே டிவியில் கைவிலங்கோடு போனதும் நடந்தது.

இனி உங்கள் வீட்டுக்காரர்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கண்ணாடி வாங்குகிற எல்லோருக்கும் ஒரு மஞ்சள் துணியும், கேட்காமலே ஒரு மணி நேரப் பேச்சும் இலவசம். தொடரின் முதல் ரசிகரும் அவர்தான். ஒவ்வொரு வழக்கிலும் முதல் வாரமே கொலையாளியை அறிவித்துவிடுவார். ஒவ்வொரு வழக்கிலும் தப்பாக. அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. "கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறான் பாரு, அவன் பொய் சொல்றான். ஆயிரம் பேரைக் கடையில பாத்திருக்கேன். கண்ணைப் பாத்துப் பொய் சொல்ல முடியாதவன் கண்ணாடியைத்தான் பிடிப்பான்." வசனம் மறந்துபோன நடிகர்கள் நினைவுபடுத்திக்கொள்ள நேரம் வேண்டித்தான் கண்ணாடியைத் துடைக்கிறார்கள் என்ற தொழில் ரகசியத்தைக்கூட நீங்கள் அவரிடம் சொன்னதில்லை.

"யாருன்னு என்கிட்ட மட்டும் சொல்லேன். என்னை நம்பலையா?"

"உங்களை நம்பறேன். உங்க வாயை நம்பலை."

இப்படியே காலம் போயிற்று. அப்போதுதான் நாம் அந்த ஹேக்கர் வழக்கை எடுத்தோம். மருந்துக் கம்பெனியின் கணினிகள் இருக்கும் குளிர் அறையில் ஓர் இளைஞன் செத்துக் கிடக்கிறான். கம்பெனியின் மருந்துச் சூத்திரத்தைத் திருடி எதிர்க் கம்பெனிக்கு விற்க வந்த ஹேக்கர். கூப்பிட்டு விட்டது யார், கொன்றது யார்? முதலாளியின் தங்கையா, காவல் அதிகாரியா, கம்பெனிக் கணக்காளரா? கணக்காளராக நடித்தவருக்கு ஞாபகமறதி கொஞ்சம் அதிகம். காட்சிக்கு இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்தார். கேட்க வேண்டுமா? உங்கள் வீட்டில் முதல் வாரமே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "கணக்காளன்தான். நானே போய்க் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

வழக்கு பாதியில் இருக்கும்போது அவர் நுரையீரலைப் பார்த்த டாக்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டார். கடைசி அத்தியாயம் வரும் தேதியைச் சொல்லி, அதுவரைக்கும் இருப்பாரா என்று கேட்டீர்கள். டாக்டர், "நானும் அந்தத் தொடர் பாக்கறேம்மா" என்றார்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம். பொது வார்டு. பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்: "இப்பவாவது சொல்லு. இனிமே யார்கிட்டப் போய் உளறப் போறேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருடைய உழைப்பு அது, உங்களை நம்பிக் கொடுத்தது, மனசு வரவில்லை. எப்போதும் போல வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை. இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னீர்கள்.

"நீங்க சொன்னவர்தான். கணக்காளர்."

"பாத்தியா" என்றார் அவர். "பாத்தியா. நான் சொன்னேனா இல்லையா."

பிறகு கையை நீட்டி, "கண்ணாடியை இப்படிக் குடு" என்று வாங்கி, போர்வை முனையால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உங்கள் மூக்கின்மேல் தானே மாட்டிவிட்டார். "கடைக்காரன் பொண்டாட்டி. உடுப்புல துடைக்காதே, கீறல் விழும்னு எத்தனை தடவை சொல்றது."

அன்று சாயங்காலமே அவர் வார்டு முழுக்கச் சொன்னார். ஆரஞ்சுக்காரரின் மருமகன் எதிர் சேனலில் வேலை பார்ப்பவர். ஹேக்கர் ஒருவனும் தேவைப்படவில்லை. ஒரு ஆரஞ்சுப் பழம் போதுமாயிருந்தது.

நாலு நாளில் உங்கள் வீட்டுக்காரர் போய்விட்டார். வேறு யாருக்கும் முடிவு தெரியக்கூடாது என்பதால், கண்ணீர் காயுமுன்னே உங்களைக் கூப்பிட்டு இந்த நாற்காலியில் உட்காரவைத்தோம். கணக்காளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அழும் காட்சி வேண்டாத முடிவுகளோடு கிடந்தது. அதை உங்கள் கையாலேயே ஒதுக்கினீர்கள். அந்த வாரம்தான் எதிர் சேனல் காலை நிகழ்ச்சியில் தாரை தப்பட்டை இல்லாத குறையாக அறிவித்தது: ஹேக்கரைக் கொன்றவர் கணக்காளர்.

நம் நிர்வாகம் ஆடியதே ஓர் ஆட்டம். தொடரில் கம்பெனி உளவு. அதைத் தயாரிக்கும் இடத்திலும் கம்பெனி உளவு. விசாரணைக் குழு போட்டார்கள். எங்கள் செல்போன்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்தப் போன் யாருடையது என்று எழுத மறந்து, இரண்டு நாள் ஒருவர் மனைவியிடம் இன்னொருவர் திட்டு வாங்கவைத்தார்கள். டீ அண்ணனின் பிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். உள்ளே டீதான் இருந்தது. அவர், "சர்க்கரை போடாததுங்க, வேணும்னா குடிச்சுப் பாருங்க" என்றார். குழு குடித்தும் பார்த்தது.

நீங்கள் எழுந்து குழு உட்கார்ந்திருந்த அறைக்குள் போனீர்கள்.

"தேட வேண்டாம் சார். நான்தான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"வீட்டுக்காரர்கிட்ட."

"ஏம்மா சொன்னீங்க?"

"கேட்டார்."

நிகழ்ச்சித் தலைவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. "இருங்க. கணக்காளர் இல்லையே நம்ம முடிவு?"

"இல்லை."

ஒரு நிமிடம் முன்னால் உங்களை வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்தவர்கள், அடுத்த நிமிடம் கைகுலுக்கினார்கள். பொய்த் தகவலைப் பரப்பி எதிரியைக் கவிழ்த்த ராஜதந்திரம் என்றார்கள். முதலாளியின் தங்கைதான் கொலையாளி என்று தொடர் முடிந்த அன்று எதிர் சேனல் ஊர் சிரிக்க நின்றது. உங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். நீங்கள் அதைக் கொண்டுவந்து, ஆடிக்கொண்டிருந்த இந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தீர்கள். மேசை அதற்கப்புறம் ஆடவில்லை. நிர்வாகம் கொடுத்த விருதுகளில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அன்று ஒப்பனைக்காரம்மாவிடம் நீங்கள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வாய் உங்கள் வாய் மாதிரி அல்ல. "கடைசியா நான் அவர்கிட்ட உருப்படியா பேசினது ஒரு பொய். சாகப்போறவரை ஏமாத்திட்டேன். நான் நம்பிச் சொன்னதா நினைச்சு, அதையும் அவர் ஊருக்கெல்லாம் சொல்லிட்டார். ரெண்டு பேருமே கடைசியில சரியில்லை." அதற்குப் பிறகு ஒரு வருடமாக நீங்கள் கணக்காளர் வரும் எந்தக் காட்சியையும் திரும்ப ஓட்டிப் பார்க்கவில்லை. மறுஒளிபரப்புக்குக்கூட உதவியாளரைத்தான் உட்காரவைத்தீர்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம். நேரில் சொல்லும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இல்லாததால், எழுதிச் சட்டம் போட்டுச் சொல்கிறோம்.

போன மாதம் நம் ஒலிக்காரர் முதுகு பிடித்துக்கொண்டு அதே வார்டில் படுத்திருந்தார். ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ், எங்கே வேலை என்று கேட்டு, தொடரின் பெயரைக் கேட்டதும் பட்டையைக் கையிலேயே விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாராம். அவர் சொன்னதை ஒலிக்காரர் சொன்னபடி, ஒரு வார்த்தை வெட்டாமல் இங்கே வைக்கிறோம்.

"கண்ணாடிக்கடை ஐயா உங்க ஆளுதானே சார்? அவர் வார்டு பூரா சொல்லிட்டிருந்தார், கணக்காளன்தான் கொலைகாரன்னு. நான்தான் அதட்டினேன். 'என்னங்கய்யா, அம்மா உங்களை நம்பிச் சொன்னதை இப்படித் தண்டோரா போடறீங்க'ன்னு. கிட்ட வான்னு கூப்பிட்டார். 'அது நிஜமில்லைம்மா. நிஜமா இருந்தா என் வாயைப் பிளந்தாலும் வெளிய வராது. சொல்றப்போ அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. எனக்காகப் பொய் சொல்றா பாவம். நான் கம்முனு இருந்தா நம்பலைன்னு கண்டுபிடிச்சிடுவா. நாலு பேர்கிட்டப் பீத்திக்கிட்டாத்தான் நம்பிட்டேன்னு நினைச்சு நிம்மதியா வீட்டுக்குப் போவா'ன்னார். அம்மாகிட்ட சொல்லிடாதேன்னும் சொன்னார். அதான் இத்தனை நாளா நான் சொல்லலை."

சொல்லிடாதே என்று அவர் கேட்டது எங்களுக்கும் தெரியும். வாயைக் காப்பது உங்கள் குணம், அக்கா. எங்களுக்கு அது இருப்பதாக இதுவரை யாரும் குற்றம் சாட்டியதில்லை.

ஆகவே அந்தத் தங்க எழுத்து மடலில் ஒரு திருத்தம். எதிர் சேனலைக் கவிழ்த்தவர் நீங்கள் அல்ல. அவர், அதுவும் தெரியாமலே. நீங்கள் ஏமாற்றியதாக நினைத்தவர் ஏமாறவில்லை. அவர் காப்பாற்றவில்லை என்று நீங்கள் நினைத்த ரகசியத்தை அவர் காப்பாற்றித்தான் போனார். அது தொடரின் ரகசியம் அல்ல, உங்களுடையது. இத்தனை வழக்கிலும் ஒருமுறைகூடப் பலிக்காத அவர் சித்தாந்தம், கடைசியில் ஒருமுறை பலித்தது. அவர் சரியாகக் கண்டுபிடித்த ஒரே ஆள் நீங்கள்தான்.

நீங்கள் நல்ல கண்ணோடும், வலிக்காத முதுகோடும், தள்ளாமல் கிளம்பும் ஒரு ஸ்கூட்டரோடும் நெடுநாள் இருக்க வேண்டும். இனி எல்லோரையும் போல வீட்டில் உட்கார்ந்து, முடிவு தெரியாமல் தொடரைப் பாருங்கள். முதல் வாரமே யாராவது ஒருவரைச் சந்தேகப்படுங்கள். அவர் இடம் காலியாக இருக்கக்கூடாது. எங்களுக்குப் போன் போட்டு யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவோம்.

இந்த மடலோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. இதைக் கேட்கும்போது நீங்கள் கண்ணாடியைக் கழற்றுவீர்கள் என்று தெரியும், இப்போது கழற்றியும்விட்டீர்கள். உடுப்பில் துடைக்காதீர்கள், அக்கா. பொட்டலத்தைப் பிரியுங்கள். அவர் கடைக்குப் போய், இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் கொழுந்தனாரிடம் கேட்டு வாங்கி வந்த மஞ்சள் துணி. கீறல் விழாது.

உங்கள் கத்தரியால் அறிவாளியானவர்கள், அழகானவர்கள், அளவானவர்கள்,
துப்பறியும் தொடரின் பணியாளர்கள் அனைவரும்
(டீ அண்ணன் உட்பட)